பீடி பிடிக்காதவர் பெஞ்சு

14

நோயாளிகள் வரவேண்டாம் என்று தண்டோரா போட்ட ஆஸ்பத்திரியை ஆரணி அதுவரை பார்த்ததில்லை. வேலூரிலிருந்து வந்திருந்த அந்த டாக்டர் குழுவுக்கு இருமுகிறவன் வேண்டாமாம், மூச்சு இரைக்கிறவன் வேண்டாமாம். "எனக்கு என்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஆள்தான் வேண்டுமாம். இருபது வயது ஆகியிருக்க வேண்டும். குழாயைக் கொடுத்தால் ஊத வேண்டும். அத்தோடு வைத்தியம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

பூங்காவனம் போன வாரமே தன் வீட்டு ஆண்கள் இருவரின் பெயரையும் கொடுத்துவிட்டு வந்ததையும், அதைக் கேட்டதும் தறியில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் ஜெயவேலுக்குக் கை தடுமாறியதையும் பார்த்தோம். ஏன் தடுமாறியது என்பது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், சாயப்பட்டறைச் சந்துக்குத் தெரியும். பூங்காவனம் ஒருத்திக்குத்தான் தெரியாது.

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நாலு வருஷத்துக்கு முன்னால் இவர்களுடைய ஒரே பிள்ளை திருமலை டைபாய்டு ஜுரத்தில் இருபத்தோரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தான். பையனுக்கு அப்போது பதினாறு வயது. டாக்டர்களே கையைப் பிசைந்த ஒரு நாளில் ஜெயவேல் படவேட்டம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் இனி பீடியைத் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டார். பிள்ளை எழுந்து உட்கார்ந்தான், இட்லி கேட்டான், வளர்ந்து இப்போது பவர்லூமில் பகல் ஷிப்டுக்குப் போகிறான். ஜெயவேலும் வேண்டுதலை நிறைவேற்றினார். நாற்பத்து மூன்று நாள் நிறைவேற்றினார்.

நாற்பத்து நாலாம் நாள் என்ன வந்ததோ, சாயப்பட்டறைச் சந்துக்குள் நுழைந்தவர் ஒன்றைப் பற்றவைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு நாலு, சில நாள் ஆறு, பண்டிகைச் சேலைக்குத் தறியில் பாவு ஏற்றி அவசரமாக நெய்கிற நாள் என்றால் பத்து. பட்டு நெய்கிற வீட்டில் எவனும் உள்ளே உட்கார்ந்து பீடி பிடிக்க மாட்டான். பட்டு அந்த வாடையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், சேலை வாங்க வருகிறவள் முந்தானையை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அதனால் வெளியே போவது இயல்பு. சாயப்பட்டறையில் நாள் முழுக்க விறகு எரிவதால் சட்டையில் புகை வாடை வீசுவதும் இயல்பு. இரண்டு இயல்பையும் சேர்த்து முடிச்சுப் போட்ட கெட்டிக்காரர் நம் ஜெயவேல். பூங்காவனம் என்னவென்றால், அந்தப் புகையில் போய் உட்காராதீர்கள், உடம்புக்கு ஆகாது என்று நாலு வருஷமாக அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பூங்காவனத்தின் பிறந்த வீடு சந்தவாசல் பக்கம். அங்கே ஒரு வழக்கம். அம்மனுக்கு விட்டுவிட்ட பொருளின் பெயரை அதற்கப்புறம் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டதாக ஆகிவிடும். அதனால் அந்த வீட்டில் நாலு வருஷமாகப் பீடி என்கிற சொல்லே கிடையாது. "அது" என்றுகூடச் சொல்வதில்லை. ஜெயவேலுக்கு அப்படி ஒரு பழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை என்பதுபோல் அவள் நடந்துகொள்வாள்.

அந்த வழக்கம்தான் இன்றைக்கு எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது.

நெசவாளர் சங்கக் கட்டடத்தின் கூடத்தில் இரண்டு பெஞ்சு போட்டிருந்தார்கள். வலது பக்கம் பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள். இடது பக்கம் பிடிக்காதவர்கள். இரண்டு கூட்டத்தின் மூச்சையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்களாம். பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணுவை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவருக்கு ஒரு வாரமாக இருமல். ஆஸ்பத்திரிக்காரர்களே என்னைத் துரத்திவிட்டார்கள் என்று அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

தனியாக வந்து வலது பக்கம் சந்தடியில்லாமல் உட்கார்ந்து ஊதிவிட்டுப் போய்விடலாம் என்பது ஜெயவேலின் திட்டம். பூங்காவனம் கூடவே வந்துவிட்டாள். பேர் எழுதுகிற பெண், உங்களுக்குப் புகைக்கிற பழக்கம் உண்டா, முன்னே எப்போதாவது இருந்ததா என்று கேட்டதற்கு ஜெயவேல் வாயைத் திறக்குமுன் பூங்காவனத்திடமிருந்து பதில் வந்தது.

"அவருக்கு அந்தப் பழக்கமே கெடையாதுங்க. எப்பவும் கெடையாது."

எழுதுகிற பெண் இடது பெஞ்சைக் காட்டினாள். ஜெயவேல் போய் உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் அவரைத் தினமும் சாயப்பட்டறைச் சந்தில் பார்க்கிறவர்கள். அவர்கள் மேலே கூரையைப் பார்த்தார்கள்.

முதலில் ஊதப் போனவர்களால் ஒரு வேடிக்கை நடந்தது. குழாயை வாயில் வைத்ததும் நெசவாளி ஒவ்வொருவரும் ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினார். தறியில் குறுக்கு இழையைக் கொண்டு ஓடுகிற நாடாவின் துளையில் இழையைக் கோத்து வாயால் உறிஞ்சி இழுத்தே பழகிய உதடு, வேறென்ன செய்யும். வெள்ளைக் கோட்டு டாக்டரம்மா சிரித்துவிட்டு, தானே ஊதிக் காட்டினார். நெஞ்சு நிறைய இழுத்து, பிறகு ஒரே வேகத்தில் கடைசிவரை விட வேண்டும். குழாய் பொருத்திய பெட்டியின் மேலே ஒரு ஊசி காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே போகும்.

ஜெயவேல் மூன்று தடவை ஊதினார். மூன்று தடவையும் ஊசி சோம்பலாக ஏறி, பாதி வழியில் படுத்துக்கொண்டது.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். நாற்பத்து நாலு வயது, திடமான தோள், ஒரு இருமல் இல்லை. தினம் எட்டு மணி நேரம் தறி மிதிக்கிறேன், கமண்டல நதி மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாலும் இரைக்காது என்றார் ஜெயவேல். அது உண்மையும்கூட. அறுபது வயதுக்காரர் ஊதுகிற மாதிரி இருக்கிறதே என்று டாக்டரம்மா முணுமுணுத்தது பூங்காவனத்தின் காதில் விழுந்துவிட்டது.

பழக்கமே இல்லாதவருக்கு இப்படி இருக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. வேலை செய்கிற இடத்தைப் பற்றிக் கேட்டார். குழித்தறி, மண்தரை, பட்டுத் தூசி, பக்கத்தில் சாயப்பட்டறை. ஒவ்வொன்றையும் பூங்காவனம்தான் சொன்னாள். தொழில்தான் காரணமாக இருக்கலாம், ஒரு மாதம் தறியை விட்டுத் தள்ளியிருந்து பாருங்கள், பிறகு வேலூருக்கு வாருங்கள் என்று சொல்லி டாக்டரம்மா நோட்டில் எழுதினார். என்ன எழுதினார் என்று ஜெயவேல் எட்டிப் பார்த்தார். இங்கிலீஷ். ஆனால் தன் தறியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள் என்பது புரிந்தது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். பூங்காவனத்தின் முகத்தைப் பார்த்தார், எழுந்து செருப்பைத் தேடினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை, அடுப்பை மூட்டினாள். பாலில் மிளகும் மஞ்சளும் தட்டிப்போட்டுக் காய்ச்சி, ஆற்றி, டம்ளரைக் கையில் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டு குடிக்கவைத்தாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனவரைத் தடுத்து உட்காரவைத்தாள். தலையணையை முதுகுக்குக் கொடுத்தாள். கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒரு உபசாரம் நடந்ததில்லை. பாதிப் பாலோடு போதும் என்று ஜெயவேல் டம்ளரைத் தள்ளிவைத்தார்.

அவள் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே முடிவுகளை அறிவித்துக்கொண்டிருந்தாள். கண்ணமங்கலத்தில் அவள் அண்ணனுக்குப் பாத்திரக்கடை. நாளைக்கே பஸ் ஏறி அங்கே போய் உட்கார வேண்டியது. தறியில் பாதி நெய்து நிற்கிற பாவு நூலை அறுக்கக் கூடாது, அதனால் துரைக்கண்ணு வந்து மிச்சத்தை நெய்து முடிப்பார். அதற்கப்புறம் தறியைக் கழற்றிக் குழியை மண் போட்டு மூடிவிடலாம். துரைக்கண்ணுவிடம் வரும் வழியிலேயே சொல்லியாகிவிட்டது.

"இன்னா பூங்கா, இவ்ளோ ஜல்தியா" என்றார் ஜெயவேல்.

அவள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "தறி போனா போவுது. இருபத்திரண்டு வருசமா அது சோறு போட்டுச்சு, இல்லன்னு சொல்லல. எனக்கு நீங்க வேணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. பிறகு எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

நான் ஜெயவேலைத் திட்டுவதாகத்தான் இருந்தேன். ஆனால் அந்த நிமிஷத்தில் அவர் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்தால் உங்களுக்கும் திட்ட வாய் வராது. சொன்னால் நாலு வருஷத்துப் பொய் வெளியே வரும். அம்மனை ஏமாற்றியது வெளியே வரும், அதுவும் பிள்ளையின் உயிர் விஷயத்தில். சொல்லாவிட்டால் நாளையிலிருந்து பாத்திரக்கடையில் எவர்சில்வர் டம்ளரைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டில் எது மேல் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே துரைக்கண்ணு வந்துவிட்டார்.

துரைக்கண்ணு நல்ல மனிதர். ஜெயவேலின் தோளைத் தட்டி, உடம்பைப் பார்த்துக்கொள், பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, இருமிக்கொண்டே குழியில் இறங்கி உட்கார்ந்தார். பழக்கம் பார்ப்பதற்காகக் குறுக்கே நாலு ஊடை இழை போட்டார். மனிதர் நல்லவரே தவிர, கை பாரமான கை. அவர் இழுத்து அடித்த சத்தம் ஜெயவேலுக்குச் சகிக்கவில்லை. ஒருவர் நெய்த சேலையில் இன்னொருவர் கை வைத்தால், எந்த இடத்தில் ஆள் மாறியது என்று பிறகு விரலால் தடவியே சொல்லிவிடலாம். நிறம் பார்த்து, ஜரிகை பார்த்து, தூங்காமல் நினைத்து நினைத்து நெய்த அரக்கு நிறச் சேலை அது. அதன் நடுவில் ஒரு வடு விழுந்துகொண்டிருந்தது. எந்தத் தப்பும் செய்யாத தறி அங்கே குற்றவாளி மாதிரி நின்றது.

"எழுந்திருண்ணா" என்றார் ஜெயவேல்.

துரைக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார். சமையலறையிலிருந்து பூங்காவனமும் எட்டிப் பார்த்தாள்.

"பூங்கா, தறி மேல பழி போடாத. அது ஒண்ணும் பண்ணல. பீடி. நான் இன்னும் பீடி வுடல."

நாலு வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் அந்தச் சொல் கேட்டது. துரைக்கண்ணு எதையோ தேடுவதுபோல் குழிக்குள் குனிந்தார். அங்கே தேட ஒன்றும் இல்லாததால் மேலே ஏறி, அப்புறம் வருகிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பூங்காவனம் மெதுவாகத்தான் கேட்டாள். எங்கே, எத்தனை, யாருக்கெல்லாம் தெரியும். ஜெயவேல் ஒன்றையும் மறைக்கவில்லை. சாயப்பட்டறைச் சந்து என்றபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் புகையில் உட்காராதீர்கள் என்று தான் கெஞ்சியதெல்லாம் அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். நாற்பத்து மூன்று நாள் முழுசாக விட்டிருந்தேன் என்று அவர் ஒரு நியாயம்போல் சொல்லிப் பார்த்தார்.

"அவ உனக்குப் புள்ளைய குடுத்தா" என்றாள் பூங்காவனம். "நீ அவளுக்கு ஒரு பீடியக் குடுக்க முடியல."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரை "நீ" என்று சொன்னது இதுதான் முதல் தடவை. ஜெயவேல் தலையைக் குனிந்துகொண்டார். அவமானமாக இருந்தது. பொய்யைச் சுமந்து சுமந்து நாலு வருஷம் எவ்வளவு களைத்திருக்கிறோம் என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. டம்ளரில் மிச்சமிருந்த மிளகுப் பாலை அவள் எடுத்தாள். கொட்டப் போகிறாள் என்று நினைத்தார். தானே மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கெளம்பு" என்றாள்.

எங்கே என்று கேட்டார்.

"அந்த டாக்டரம்மா நோட்டுல தறின்னு எழுதிகினு போவுது. வேலூர்ல நாலு பேர் படிப்பாங்க. நாளைக்கு ஊரெல்லாம் பட்டு நெய்தா நெஞ்சு கெட்டுப்போவும்னு பேசிகினு திரிவாங்க. உன் பீடிக்கு இந்தத் தெருவுத் தறி அத்தனையும் பதில் சொல்லணுமா?"

தெருவே பார்க்குமே என்றார் அவர். பார்க்கட்டும் என்றாள் அவள். செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டாள்.

மணி மூன்றரை. சங்கக் கட்டடத்தில் பவர்லூம் ஷிப்டு முடிந்து வந்த பையன்கள் கூட்டம். இடது பெஞ்சில் திருமலையும் இருந்தான், தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு, கையில் பேர் எழுதிய சீட்டோடு. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வருவதைப் பார்த்துப் பாதி எழுந்தான். பூங்காவனம் அவனைக் கவனிக்காமல் நேரே டாக்டரம்மாவிடம் போனாள். காலையில் தான் சொன்னது தப்பு, வழக்கத்துக்காகச் சொன்னது, மிச்சத்தை அவரே சொல்வார் என்றாள்.

ஜெயவேல் சொன்னார். பதினெட்டு வயதில் ஆரம்பித்தது, நடுவில் நாற்பத்து மூன்று நாள் விட்டது, இன்று காலையில் ஒன்று. கூடத்தில் சிலர் சிரித்தார்கள். பூங்காவனம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், சிரிப்பு அடங்கியது.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு நிமிர்ந்தார். இரண்டு பெஞ்சுக்கும் கேட்கிற குரலில்தான் பேசினார்.

"இருமல் வரதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே உள்ள குறைய ஆரம்பிச்சுடுது. இவரால சைக்கிள் தள்ள முடியுது, தறி மிதிக்க முடியுது, அதனால தெரியல. அதைத்தான் நாங்க தேடி வந்திருக்கோம். நீங்க பெஞ்ச் மாறி உக்காந்தா, செய்யாத தப்புக்கு உங்க தொழில் மாட்டிக்கும்."

போனது திரும்பி வருமா என்று ஜெயவேல் கேட்டார். போனது பெரும்பாலும் போனதுதான், ஆனால் இன்றைக்கே நிறுத்தினால் இனிமேல் இந்த வேகத்தில் போகாது என்றார் டாக்டரம்மா. மருந்து ஏதாவது என்று பூங்காவனம் கேட்டதற்கு, நிறுத்துவதுதான் மருந்து என்று பதில் வந்தது. சீட்டை மாற்ற வேண்டும், வலது பெஞ்சில் உட்காருங்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள்.

பத்து அடி தூரம். ஆனால் ஜெயவேலுக்கு நடக்க நடக்கத் தீரவில்லை. பழகின முகம் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய் உட்கார்ந்தார். பூங்காவனம் பின்னால் சுவரோரமாக வந்து நின்றுகொண்டாள். கோபம் தணியவில்லை, ஆனாலும் அவள் கை அவர் தோளை விட்டு ரொம்பத் தூரம் போகவில்லை. பிள்ளை இருந்த பக்கம் மட்டும் அவரால் பார்க்கவே முடியவில்லை. தன் உயிருக்காக அப்பா விட்டதாக அவன் நம்பிக்கொண்டிருந்த ஒன்றை, இப்போது ஊர் நடுவில் இல்லையென்று சொல்லியாகிவிட்டது.

எதிர்ப் பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. திருமலை எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஜெயவேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பனை அவமானத்தில் தனியாக விட மனம் வராமல் வந்திருக்கிறான் என்று நினைத்தார். இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு நாம் என்ன காரியம் செய்தோம் என்று நினைத்தார்.

"நீ ஏம்பா இங்க வந்து குந்துற" என்றார் தழுதழுத்த குரலில். "உன் பெஞ்ச் அங்க இருக்குது, போ."

திருமலை போகவில்லை. சீட்டை நாலாக மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான். அப்பாவின் முகத்தையும் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை.

பூங்காவனத்துக்குத்தான் முதலில் புரிந்தது. சுவரை விட்டு முன்னால் வந்து அவன் எதிரில் குனிந்தாள்.

"எப்பலேந்து?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரிலேந்து வூட்டுக்கு வந்த வருசம்மா."

எழுதுகிற பெண் திருமலையின் பெயரைக் கூப்பிட்டாள். அவன் எழுந்து போய், பெட்டிக்கு முன்னால் நின்று, டாக்டரம்மா சொன்னபடி நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தான். ஜெயவேல் படவேட்டம்மனைக் கூப்பிடத்தான் வாயெடுத்தார். எந்த முகத்தோடு கூப்பிடுவது, எதைத் தருகிறேன் என்று சொல்லிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பூங்காவனம் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எதிரே ஊசி காகிதத்தின் மேல் ஏறத் தொடங்கியது.